ட்ரம்பெட்டை நீட்டிய நாள்

நெய்வேலியில் ஜாஸ் வாசித்தோம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். நாங்கள் நாலு பேர். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர் கிளாரினெட். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஹெல்ப்பராக இருந்தவர் ட்ரம்பெட். தச்சுப் பட்டறை மேஸ்திரி, தானே செய்த டபுள் பாஸ், ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும். டிராயிங் ஆபீசில் படம் வரைந்துகொண்டிருந்த நான் கிட்டார். மைக், ஆம்ப்ளிஃபையர் எதுவும் எங்களிடம் இல்லை. கொட்டகையில் வாசித்தால் கடைசி வரிசைக்குக் கிட்டார் கேட்காது. ஆனாலும் எழுபதுகளின் நடுவில் தொடங்கி ஏழெட்டு வருடம் வாசித்தோம். பிறகு நின்றுவிட்டது. நின்றதில் என் பங்கு பெரியது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

கிளாரினெட்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ராணுவ பேண்டில் பதினைந்து வருடம் வாசித்துவிட்டு, ஓய்வு பெற்று, எங்கள் டவுன்ஷிப்பின் தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்தார். சுரங்க இயந்திரங்களைப் பூட்ட வந்த ஜெர்மன்காரர்களில் ஒருவரின் சமையலறையில் தீப்பிடித்தபோது வண்டியோடு போனவர்களில் இவரும் ஒருவர். தீ சின்னதுதான். அணைத்துவிட்டுத் திரும்பும்போது முன் அறையில் இசைத்தட்டுகளைப் பார்த்து, நனைந்த பூட்ஸோடு அப்படியே நின்றுவிட்டாராம். அந்த மனிதர் ஊருக்குக் கிளம்பியபோது, கிராமபோனையும் பத்துப் பன்னிரண்டு தட்டுகளையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரில் கறுப்பின மக்கள் உண்டாக்கிய பழைய ஜாஸ் அது. எங்களுக்கு வேறு வாத்தியார் இல்லை. ஊசி தேயத் தேயக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

என்னை அவர் சேர்த்துக்கொண்டது தற்செயல். ஒரே பிளாக்கில் இருந்தோம். சாயங்காலம் கிட்டாரை வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"உமக்கு எத்தனை கார்டு பிடிக்கத் தெரியும்வே?"

"ஏழெட்டுத் தெரியும் சார்."

"போதும். நாளைக்கு வாரும்."

மேஸ்திரியை எப்படிப் பிடித்தார் என்று தெரியாது. அவருக்குக் காது பாதிதான் கேட்கும். வாள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபது வருடம் நின்றவர். வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கிய பைன் மரப் பெட்டிகளை உடைத்துத்தான் அப்போது நெய்வேலியில் பாதி வீடுகளில் பெஞ்சும் அலமாரியும் செய்திருந்தார்கள். இவர் அந்தப் பலகையில் டபுள் பாஸ் செய்துவிட்டார். இசைத்தட்டு உறையில் இருந்த ஒரு கட்டைவிரல் அளவுப் படத்தைப் பார்த்து அளவு போட்டுக் கொடுத்தது நான்தான். வாசிக்கும்போது வாத்தியத்தின் தோளில் தாடையை வைத்துக்கொள்வார். எலும்பு வழியாகக் கேட்கிறது என்பார். ஒரு நாளும் தாளம் தப்பியதில்லை.

ட்ரம்பெட்காரர் கடைசியாக வந்தார். கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாத குடும்பம். அடுத்தவர் வயலில் வேலை. ஊரில் சாவு விழுந்தால் அவர் அப்பா பறையடிக்கப் போக வேண்டும். மகன் பண்ருட்டியில் ஒரு பேண்டு செட்டில் சேர்ந்து ட்ரம்பெட் கற்றுக்கொண்டார். பகலில் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, முகூர்த்த நாட்களில் செட்டு. எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரின் கல்யாண ஊர்வலத்தில் இவர் வாசித்ததைக் கேட்டு, கிளாரினெட்காரர் சாப்பிடாமல் ஊர்வலத்தோடேயே நடந்துவிட்டார்.

"அந்த ஆள் சினிமாப் பாட்டு நடுவுல ரெண்டு சுரத்தை வளைச்சான்வே," என்று என்னிடம் சொன்னார். "தட்டுல கேக்கோம்லா, அதே வளைவு. யாரு சொல்லிக் குடுத்தா அவனுக்கு?"

மறு வருடம் ட்ரம்பெட்காரருக்குச் சுரங்க வேலை பெர்மனென்ட் ஆனது. அன்றைக்கே பேண்டு செட்டை விட்டார். எங்களிடம் வருவதை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளாரினெட்காரர் குவார்ட்டர்ஸில் ஒத்திகை. முதல் மூன்று நாலு வாரம் ட்ரம்பெட்காரர் வாசற்படியைத் தாண்டி வரவில்லை. "உள்ள வாரும்வே" என்று கூப்பிட்டால், "இருக்கட்டுங்க, எனக்கு இங்கியே காத்து நல்லா வருது" என்பார். வெளியே நின்றுகொண்டே ஊதுவார். ஐந்தாவது வாரம் நான் போனபோது நாற்காலிகள், கிராமபோன், நோட்டு வைக்கும் ஸ்டாண்டு எல்லாம் வாசலில் வாதாம் மரத்தடியில் இருந்தன. கிளாரினெட்காரர், "உள்ள புழுக்கமா இருக்கு" என்றார். மார்கழி மாதம் அது.

அதிலிருந்து எப்போதும் மரத்தடிதான். அவர் மனைவி ஒரே மாதிரி நாலு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைப்பார். சில மாதங்களில் ட்ரம்பெட்காரர் சமையலறை வரைக்கும் போய் டம்ளரை வைத்துவிட்டு வருகிற அளவுக்கு வந்துவிட்டார். கிளாரினெட்காரரை "அண்ணே" என்றார். மேஸ்திரியை "மேஸ்திரி" என்றார். என்னை மட்டும் கடைசிவரை "சார்" என்றார். அதை நான் அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சங்கீதத்தில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. ட்ரம்பெட் பாட்டைச் சொல்லும். கிளாரினெட் அதைச் சுற்றிச் சுற்றி வரும். இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், மோதிக்கொள்ளாது. எனக்கு அது பிடிபட வெகுநாள் ஆனது. கிளாரினெட்காரர் சொன்னார்: "பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல மூணு பொம்பளைக ஒரே நேரத்துல பேசுதாங்களே, ஒருத்தி சொல்லுதது இன்னொருத்திக்குக் கேக்காமலா இருக்கு? அதான்வே இது."

கிளப்பில் வாசித்தோம், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசித்தோம், கிறிஸ்துமஸுக்கு வாசித்தோம். பெரும்பாலும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு தடவை சமுதாயக் கூடத்தில் பாதி வாசிப்பில் ஒருவர் எழுந்து, "சினிமாப் பாட்டு ஏதும் தெரியாதா?" என்று கேட்டார். ட்ரம்பெட்காரர் வாத்தியத்தை இறக்காமலேயே அந்த மாதம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் முதல் வரியை எங்கள் பாட்டுக்குள் நுழைத்து வெளியே எடுத்துவிட்டார். கூடமே கைதட்டியது. கிளாரினெட்காரர் சிரிப்பு தாங்காமல் இரண்டு வரி வாசிக்கவில்லை.

இசைத்தட்டு உறைகளில் ஒன்றில் ஒரு புகைப்படம் இருந்தது. சவப்பெட்டிக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் நடந்துபோகிற படம். அந்த ஊரில் வாத்தியக்காரர் ஒருவர் இறந்தால் கூட வாசித்தவர்களே அவரை வாசித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம். ராணுவத்தில் யாரோ சொன்னதை வைத்துக் கிளாரினெட்காரர் இதை விளக்கினார். அது என் மனதில் ஆழமாகத் தங்கிவிட்டது. அதைவிட அழகான காரியம் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன். ட்ரம்பெட்காரர் அன்று படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் கிளாரினெட்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நீளமான வரியை இரண்டாக உடைத்து வாசித்தார். பிறகு மூன்றாக. எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் கட்டி. முற்றிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒத்திகை மட்டும் நிற்கக்கூடாது என்றார். மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு கேட்பார். நாங்கள் மூன்று பேர் வாசிப்போம். கிளாரினெட் வர வேண்டிய இடங்களில் ட்ரம்பெட்காரர் ஊதாமல் நிறுத்திக்கொள்வார். நானும் மேஸ்திரியும் வெறும் தாளத்தைத் தட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கடப்போம். இரண்டு ஞாயிறு பொறுத்தார். மூன்றாவது ஞாயிறு கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எதுக்குவே எனக்கு இடம் விட்டு வாசிக்கிய? நான் வரப்போறதில்ல. அந்த ஓட்டையை மூடுங்க."

ட்ரம்பெட்காரர், "நீங்க இருக்கற வரைக்கும் அது உங்க எடம்ண்ணே. நான் ஊத மாட்டேன்" என்றார்.

"பிடிவாதக்காரன்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபமில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனேன். இதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீடு மாதிரி இருந்தும், வார நாட்களில் அந்த வாசலைப் பார்க்காமல் சைக்கிளை வேகமாக மிதித்தேன். அவர் இளைத்துக்கொண்டே போவதைப் பார்க்கப் பயம். ட்ரம்பெட்காரர் தினமும் வந்தார். முதல் ஷிஃப்ட் முடிந்து, தலையில் பழுப்பு நிலக்கரித் தூளோடு நேரே அங்கே வருவார். குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போவார். கிளாரினெட்காரரைத் தூக்கி உட்கார வைப்பார், உடம்பு துடைத்துவிடுவார், நகம் வெட்டிவிடுவார். முகச்சவரம் செய்துவிடுவது கூட ட்ரம்பெட்காரர்தான் என்று கிளாரினெட்காரரின் மனைவி, அந்த அம்மா, பிற்பாடு சொன்னார்கள். "என் கூடப் பிறந்தவங்ககூட இப்படிச் செய்யல" என்றார்கள்.

ஐப்பசி மாதம் ஒரு காலையில் கிளாரினெட்காரர் இறந்துபோனார். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் பஸ் பிடித்து வந்துசேர மறுநாள் ஆனது. காரியத்தையெல்லாம் அந்த அம்மாவின் அண்ணன் கையில் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் ஊர் முறைப்படி ஒன்றும் குறையக்கூடாது என்ற பதற்றம் அவருக்கு. வாசலில் நின்று, "மேளத்துக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பறைக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன்.

ட்ரம்பெட்காரரின் பெட்டி அந்த வீட்டில்தான் இருந்தது. மழை நாளில் சைக்கிளில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று போன ஞாயிறு அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் உள்ளே போனேன். பெட்டியைத் திறந்து ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வாதாம் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது. உறவுக்காரர்கள், தீயணைப்பு நிலையத்து ஆட்கள், பிளாக்கில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க வாசிச்சுத்தான் அவரைக் கொண்டுபோகணும்" என்றேன். என் மனதில் அந்தப் புகைப்படம்தான் இருந்தது. சத்தியமாக அது மட்டும்தான் இருந்தது.

அவர் ட்ரம்பெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களுமா சார்?"

கையை நீட்டவில்லை. அதற்குள் அந்த அம்மாவின் அண்ணன் நெருங்கி வந்து, "ஓ, இவரு வாசிக்கிறவரா? நல்லதாப் போச்சு. பறைக்காரங்களோட சேர்ந்து முன்னால நடக்கட்டும்" என்றார்.

"நான் வாசிக்கலீங்க," என்றார் ட்ரம்பெட்காரர். "பாடைக்குத் தோள் குடுக்கறேன்."

அண்ணனுக்குப் புரியவில்லை. "தோள் குடுக்க எங்காளுங்க இருக்காங்க தம்பி. வாசிக்கிறவங்க முன்னால போறதுதான முறை" என்றார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டும். இந்த நாலு மாதமாக அவரைத் தூக்கி உட்கார வைத்த தோள் இதுதான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கையில் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். வீட்டுக்குள்ளே இருந்த அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது.

பாடை கிளம்பியது. பின்பக்கம் இடது மூலையை மேஸ்திரி பிடித்திருந்தார். பாடை கட்டியதே அவர் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. தார் ரோட்டில் போய்ச் செம்மண் பாதையில் திரும்புகிற இடம் வரைக்கும் போனோம். அங்கே மேஸ்திரி தலையைத் திருப்பி, பின்னால் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்த ட்ரம்பெட்காரரைக் கண்ணால் கூப்பிட்டார். வாசலில் நடந்த பேச்சு அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நடையை நிறுத்தாமலே தோளை விலக்கினார். ட்ரம்பெட்காரர் குனிந்து உள்ளே நுழைந்து அந்த மூலையைத் தாங்கிக்கொண்டார். முன்னால் போன அந்த அம்மாவின் அண்ணன் திரும்பிப் பார்த்தார். பாடை நிற்கக் கூடாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

தோளில் பாரம் ஏறியதும் ட்ரம்பெட்காரர் அழ ஆரம்பித்தார். ஆண்பிள்ளை ஒருவர் அப்படி வாய்விட்டு அழுது நான் அதுவரை கேட்டதில்லை. பாதை முழுக்க அழுதுகொண்டே வந்தார். முன்னால் அடித்துக்கொண்டு போன இருவரில் ஒருவர் அவருடைய பெரியப்பா மகன் என்று பிறகு தெரிந்தது. அந்த மனிதர் ஒரு தடவை திரும்பி, பாடைக்கு அடியில் இருந்த தன் தம்பியைப் பார்த்தார். அடி தவறாமல் அடித்துக்கொண்டே போனார்.

பத்து நாள் கழித்து ட்ரம்பெட்காரரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். ட்ரம்பெட் பெட்டியை எடுத்துப் போனேன். அவர் மனைவி முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க சார், உக்காருங்க. தோ வந்துட்டாரு" என்று நாற்காலி போட்டார். அவர் குளித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கடைசியில், "அந்தப் படத்தை நினைச்சுத்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும் சார். நீங்க கெட்டதா நெனச்சி செய்யல."

ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே மேலே சொன்னார்.

"எங்கப்பாரு செத்தப்போ எங்க செட்டுதான் வந்துது. ட்ரம்பெட்டுக்கு ஆள் பத்தல. ஊர்ல நாலு பெரிய மனுசங்க, நீயே ஊதுடா, உன் அப்பனுக்கு நீ ஊதுனா என்னன்னாங்க. ஊதிகினே போனேன். வாயில ட்ரம்பெட்ட வெச்சிகினு அழ முடியாது சார். அழுதா ஒதடு நிக்காது, காத்து போயிடும். சுடுகாடு வரைக்கும் ஊதுனேன். எரிச்சிட்டு வந்து பாத்தா, அழுவ வரல. எங்கப்பாருக்கு நான் அழுவவே இல்ல சார். இன்னி வரைக்கும்."

அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அண்ணனுக்காச்சும் அழுவணும்னு நெனச்சேன். அதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது. அவர் முன்னால் அழ எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை மேஸ்திரி வரேன்னிருக்கார்," என்றேன். "நீங்களும்..."

"வேணாம் சார்." உடனே சொன்னார், ஆனால் மெதுவாகத்தான் சொன்னார். "கோவம் இல்ல. அந்த மரத்தடிக்கு வந்தா, இது சாவு வூட்டு வாத்தியம்ன்றதே எனக்கு மறந்து பூடும். அத்தினி வருசம் அப்டித்தான் வாசிச்சிகினு இருந்தேன். அன்னிக்கி நீங்க எல்லார் எதுர்லயும் எடுத்தாந்து நீட்டுனீங்க பாருங்க, அது திரும்பவும் அதுவாயிடுச்சி. இனிமே உங்ககூட நின்னு ஊத வராது."

பெட்டியை வாங்கிக்கொண்டார். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

கிளாரினெட்காரர் மனைவி குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போனபோது கிளாரினெட்டையும் தட்டுகளையும் கொண்டுபோய்விட்டார்கள். நானும் மேஸ்திரியும் இரண்டு மூன்று தடவை என் வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தோம். இரண்டு தாள வாத்தியங்கள் பாட்டே இல்லாமல் எவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருப்பது? மேஸ்திரி ரிடையர் ஆனதும் அந்தப் பெரிய வாத்தியத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஏற்றும்போது நான் ஒரு பக்கம் பிடித்தேன். அவரிடம் அந்தச் செம்மண் பாதையில் தோள் மாற்றியதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சத்தமாகக் கத்திக் கேட்க வேண்டிய கேள்வியாக அது இல்லை.

ட்ரம்பெட்காரரை அடிக்கடி பார்ப்பேன். ஷிஃப்ட் பஸ்ஸில், கேன்டீன் வரிசையில், ஆஸ்பத்திரியில். "நல்லா இருக்கீங்களா சார்? பசங்க என்னா படிக்குதுங்க?" என்று கேட்பார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதற்கு மேல் பேச்சு போனதும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். கிராமத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் போனேன். ஒரு பேண்டு செட்டு வாசலில் வாசித்துக்கொண்டிருந்தது. ட்ரம்பெட் ஊதியவரின் உதடு களைத்துப்போய்ச் சுரம் இறங்கிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதும் பந்தியைக் கவனிப்பதுமாக எங்கள் ட்ரம்பெட்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். பந்தியில் என் இலைக்கு அவரே வந்து நின்றார். கையில் பாயச வாளி.

இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "இப்பவும் ஊதுறீங்களா?"

"ஊதுவேன் சார்." வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "லீவு நாள்ல மண்ணு கொட்டற மேட்டுப் பக்கம் போவேன். பெல்ட் ஓடுற சத்தம் இருக்கும்ல? அதுல ஊதுனா யாருக்கும் கேக்காது."

"உங்களுக்குக் கேக்குமா?"

"பாதி கேக்கும்" என்று சிரித்தார்.

நானும் ஒருநாள் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். கரண்டியை முக்கி என் இலையில் தாராளமாக ஊற்றினார்.

"நல்லா சாப்புடுங்க சார். தூரத்துலேந்து வந்துருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.